எரிபொருளும் ஓரறிவுயிரும்

சென்ற ஆனித் திங்களில் எங்கள் கூடுவாஞ்சேரி இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. வழக்காடியவர்கள் இருவர். ஒருவர் என் துணைவியார். எழுபத்திரண்டு வயதாகிறது. சிறு வயது முதல் கிழங்கு வகைகளையும் காளானையும் தீண்டாதவர். கதிரவன் மறைந்தபின் உணவு கொள்ளாதவர். மற்றவர் என் மகன் வயிற்றுப் பேத்தி. அருகிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரித் தொழில்நுட்பம் பயின்று, பாசியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆய்வில் முனைவர் பட்டத்திற்கு இடம் பெற்றிருப்பவள். நடுவராக அமர்த்தப்பட்டவன் நான். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் என்பதால் இரு தரப்பும் என்னை நம்பினர். அந்த நம்பிக்கைக்கு நான் முழுதும் தகுதியுடையவன் அல்லன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வழக்கு தொடங்கியது இரவு உணவின்போது அன்று, மாலை ஐந்தரை மணிக்கு. எங்கள் வீட்டில் அதுவே இராச் சாப்பாட்டு வேளை. பேத்தி தன் ஆய்வை விளக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் குடுவையில் குளோரெல்லா என்னும் நுண்பாசியை வளர்ப்பார்கள். நுண்ணோக்கியின் கீழ்க் கட்டம் போட்ட தகட்டில் வைத்து எண்ணுவார்கள். வளர்ந்தபின் வடித்து, உலர்த்தி, செல்களை உடைத்து எண்ணெயைப் பிரிப்பார்கள். அந்த எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்தால் டீசலுக்கு மாற்றாக எரியும் பொருள் கிடைக்கும்.

"ஒரு சொட்டில் எத்தனை இருக்கும் கண்ணு?" என்று கேட்டார் என் துணைவியார்.

"நன்றாக வளர்ந்திருந்தால் ஐந்து லட்சம் இருக்கும் பாட்டி."

அவர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அத்தனையையும் நசுக்கவா உன்னைப் படிக்க வைத்தோம்?"

பேத்தியும் இளைத்தவள் அல்லள். "பாட்டி, நீங்கள் ஜினாலயத்திற்கு ஆட்டோவில்தானே போகிறீர்கள்? அது எதைக் குடித்து ஓடுகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?" என்றாள்.

அன்பர்களே, இவ்விரண்டு கேள்விகளும் எங்கள் வீட்டோடு நிற்பவை அல்ல. வந்தவாசி, செஞ்சி, ஆரணி, போளூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து நிலபுலங்களை விட்டுவிட்டுத் தாம்பரத்திற்கும் அதன் தெற்கே விரிந்த புறநகர்களுக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று பிள்ளைகள் இத்தகைய துறைகளில்தாம் பயில்கின்றனர். அவர்களுக்கு நாம் என்ன விடை சொல்வது?

பாசியைப் பற்றி நம் ஆகமம் கூறுவதை முதற்கண் நினைவு கூர்வோம். நிலம், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஐந்தையும் உடலாகக் கொண்ட நிலையியல் உயிர்கள் தாவர ஜீவன்கள் எனப்படும். தொடுவுணர்வு ஒன்றே உடையவை. அவற்றுள் மரஞ்செடி கொடிகளை உடலாகக் கொண்டவை இருவகை. ஓர் உடலுக்கு ஓர் உயிர் என்றிருப்பது பிரத்தியேகம். ஓருடலை எண்ணிறந்த உயிர்கள் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றாகப் பிறந்து, ஒன்றாக உண்டு, ஒன்றாக மூச்சு விட்டு, ஒன்றாக மடிவது சாதாரணம். இதனையே நிகோதம் என்கிறோம். பாசி, பூசணம், காளான் முதலியவற்றை வட்டகேர ஆச்சாரியார் தம் மூலாசாரத்தில் இவ்வினத்தின் கணக்கில் வைக்கிறார். ஒரு நிகோத உடலில் உறையும் உயிர்கள் இதுகாறும் வீடுபேறடைந்த சித்தர்களின் தொகையினும் மிகப் பல என்று நேமிசந்திரரின் கோம்மடசாரம் கூறும். ஆகவே என் துணைவியார் கேட்ட கேள்வி பாமரத்தனமானது அன்று. பேத்தி ஐந்து லட்சம் என்று எண்ணியது உடல்களை. பாட்டியின் கணக்கில் அவ்வுடல் ஒவ்வொன்றிலும் அனந்தம்.

ஆனால் அனந்தம் என்னும் இடத்தை அடைந்தவுடன் கணக்கு நமக்குக் கைகொடுப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஓர் உருளைக்கிழங்கிலும் அனந்தம், ஒரு குடுவைப் பாசியிலும் அனந்தம், அந்த ஆட்டோ நீர் தேங்கிய பள்ளத்தில் ஏறி இறங்கும்போது சக்கரத்தில் அரைபடும் பச்சைப் பாசியிலும் அனந்தம். அனந்தத்தை அனந்தத்தோடு ஒப்பிட்டு இது பெரிது, அது சிறிது என்று தீர்ப்புச் சொல்ல என்னால் இயலவில்லை. வேறு அளவுகோல் தேட வேண்டியதாயிற்று.

இவ்வழக்கைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் திருமண வீடொன்றில் எனக்கு ஒரு சுலபமான வழி காட்டினார். "ஐயா, பெட்ரோல் பூமிக்கடியில் கிடக்கும் செத்த பொருள், அசித்தம். அதை எரிப்பதால் எந்த உயிரும் சாவதில்லை. உங்கள் பேத்தியோ உயிருள்ளதை எரிக்கப் போகிறாள். எது அஹிம்சை என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோலும் ஒரு காலத்தில் பாசியே என்பது உண்மை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் மடிந்து, சேற்றில் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து கச்சா எண்ணெயாயின. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு அவ்வாறு புதையுண்ட பழம் பாசியும் பயிரும் ஏறத்தாழ 23 டன் வேண்டியிருந்தது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி டியூக்ஸ் 2003இல் கணக்கிட்டுக் காட்டினார். அவற்றை நாம் கொல்லவில்லை, தாமாக மடிந்தவை.

ஆயினும் இந்த வாதத்தை நாம் முன்னரே எங்கோ கேட்டிருக்கிறோம். நீலகேசியைப் பயின்றவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும். உயிர் நீங்கிய ஊன் உயிரற்ற பொருள்தானே, அதனை உண்பவனுக்குக் கொலைப்பழி ஏது என்று வினவிய பௌத்தரோடு நீலகேசி வாதிட்டாள் அல்லவா? பொருளில் உயிர் உண்டா என்பதோடு நம் ஆராய்ச்சி முடிவதில்லை. நாம் அதனைக் கொள்வதால் எங்கே எவ்வுயிர் மடிகிறது என்பதே நம் சமயம் கேட்கும் கேள்வி. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் நம் ஆன்றோர் ஒரே தட்டில் வைத்தனர்.

பெட்ரோல் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கட்டுண்டு கிடந்த கரி அது. காற்று ஒரு பாகை வெம்மை கூடினால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் கொட்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நம்மவர் பலர் மொட்டை மாடியிலிருந்து கண்டவர்கள். ஏரிகளைத் தூர்த்ததும் வாய்க்கால்களில் வீடு கட்டியதும் அதற்குக் காரணங்கள். வானத்தின் மேல் மட்டும் பழி போடலாகாது. ஆனால் அந்நீரில் மிதந்து வந்த கன்றையும் நாயையும் பாம்பையும் எண்ணிப் பார்த்தால், செத்த பொருளை எரிப்பதில் கொலையில்லை என்று நண்பரைப் போல என்னால் உறுதி கூற முடியவில்லை. ஓரறிவுயிரைக் காக்கிறோம் என்று சொல்லி ஐயறிவுயிரை நீரில் விடுவது நம் நெறிக்கு ஒவ்வாது.

சரி, பெட்ரோலை விட்டுப் பயிரிலிருந்து எடுத்த எரிபொருளுக்கு மாறிவிட்டால் தீருமா? மாறவேண்டிய தேவையே இல்லை. நாம் கேளாமலே மாற்றிவிட்டார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் எந்தப் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினாலும் இன்று ஊற்றப்படுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2030க்குள் என்றிருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025இலேயே நாடு 20 விழுக்காட்டுக் கலப்பை எட்டிவிட்டது. எத்தனால் என்பது வேறொன்றுமில்லை, சாராயமே. கரும்பாலைக் கழிவுப்பாகு, கரும்புச் சாறு, மக்காச்சோளம், நொய், உபரி அரிசி இவற்றை ஈஸ்ட் என்னும் நுண்காளான் கொண்டு நொதிக்க வைத்து வடித்தெடுப்பது.

மது, மாமிசம், தேன் மூன்றையும் விலக்குவது இல்லறத்தாரின் மூலகுணங்களில் சேர்ந்தது. மது ஏன் விலக்கப்பட்டது? அறிவை மயக்குகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் அமிர்தசந்திர சூரி புருஷார்த்த சித்தியுபாயத்தில் சொல்கிறார்: புளித்த சாறு எண்ணற்ற உயிர்கள் தோன்றும் கருப்பை. நொதித்தல் உயிர்ச் செயலே என்று லூயி பாஸ்டர் 1857இல் காட்டியதை வகுப்பில் நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆயினும் அமிர்தசந்திரரின் அச்சொற்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுதான் போகிறேன். எரிபொருள் ஆலையின் நொதிகலத்தில் ஒரு மில்லி லிட்டருக்குப் பத்துக் கோடிக்குக் குறையாத ஈஸ்டுகள் இருக்கும். வடிக்கும்போது கொதியில் அவை வேகும். வண்டி குடிப்பதால் யார் அறிவும் மயங்கப் போவதில்லை. முதற்காரணம் இங்கே பொருந்தாது. இரண்டாம் காரணம் அப்படியே நிற்கிறது.

அதைவிட என்னை உறுத்துவது அரிசி. எரிபொருளுக்காக இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பிலிருந்து 2024-25ஆம் ஆண்டுக்கு 52 லட்சம் டன் அரிசி ஒதுக்க அரசு இசைந்தது. ஒரு டன் அரிசியிலிருந்து ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். நாற்பது லிட்டர் கொள்ளும் மகிழுந்துத் தொட்டியில் எத்தனாலின் பங்கு எட்டு லிட்டர். அது முழுதும் அரிசியிலிருந்து வந்ததெனக் கொண்டால் பதினெட்டுக் கிலோ அரிசி. கூடுவாஞ்சேரியிலிருந்து மதுரைக்கு ஒருமுறை சென்றுவர அத்தொட்டி போதாது. நியாயவிலைக் கடை வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்தின் மாத அரிசியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். உபரிதானே என்பர். பசித்தவர் இருக்கும் நாட்டில் உபரி என்னும் சொல்லைச் சற்று நிதானமாகவே வழங்க வேண்டும். உண்பதற்காக நெல்லறுப்பது ஆரம்ப ஹிம்சை. இல்லறத்தாருக்கு நீக்க முடியாதது, பொறுக்கப்பட்டது. அந்த நெல்லையே எரிப்பதற்காக அறுத்தால், அந்தப் பொறுப்பு அதன்மேலும் நீளுமா?

இனி, என் தகுதியின்மையைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது.

2003இல் திட்டக் குழு அமைத்த குழு ஒன்று காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து டீசல் தயாரிக்கும் பெருந்திட்டத்தை நாட்டின் முன் வைத்தது. சில ஆண்டுகளில் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு செடியிலிருந்து வரும் என்றனர். அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களும் காட்டாமணக்கைப் பரிந்துரைத்துப் பேசி வந்தார். தமிழ்நாட்டில் மானியமும் கூட்டுறவுக் கடனும் வந்தன. தரிசில் வளரும், நீர் வேண்டாம், ஆடு மாடு தின்னாது, மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கும் என்றெல்லாம் துண்டறிக்கைகள் கூறின. படித்தவுடன் எனக்குப் பெருமகிழ்ச்சி. மரத்தை வெட்ட வேண்டாம், விதையை மட்டும் எடுத்தால் போதும். இதைவிடக் கொல்லாமைக்கு ஏற்ற எரிபொருள் உண்டா என்று நம்மவர் கூடிய இரண்டு கூட்டங்களில் பேசினேன். ஊரில் பயிர் செய்துகொண்டிருந்த என் தம்பியையும் வற்புறுத்தினேன்.

வந்தவாசிப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் மேட்டு நிலம். தலைமுறை தலைமுறையாக மல்லாட்டை விளைந்த நிலம். தம்பிக்கு மனமில்லை. "அண்ணா, அது வேலியில் நட்ட செடி. அதை நடுக்கொல்லையில் வைக்கச் சொல்கிறாயே" என்றார். படித்த அண்ணன் சொல்கிறேன் என்பதற்காக 2006இல் நட்டார். கன்று கொடுத்த நிறுவனத்தார் விதையைத் தாமே வாங்கிக்கொள்வதாகக் கையொப்பமிட்டிருந்தனர்.

நீரில்லாமல் செடி பிழைத்தது, காய்க்கவில்லை. கிணற்று நீர் பாய்ச்சினால் கொஞ்சம் காய்த்தது. அந்த நீரை நெல்லுக்கே விட்டிருக்கலாம். மூன்றாம் ஆண்டு இரண்டு ஏக்கரிலும் சேர்த்து நான்கு மூட்டை விதை வந்தது. அதனை வாங்க யாரும் வரவில்லை. நிறுவனத்தின் தொலைபேசியும் ஒருநாள் மணியடிப்பதை நிறுத்திவிட்டது. இதெல்லாம் பண நட்டம், பொறுத்துக்கொள்ளலாம். மல்லாட்டை போனதால் உடன் போனவற்றை நான் எண்ணியிருக்கவில்லை. மாட்டுக்குக் கொடி இல்லை, பிண்ணாக்கு இல்லை. காட்டாமணக்கின் பிண்ணாக்கு நஞ்சு. மல்லாட்டை பிடுங்கி ஆயும் நாட்களில் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு எங்கள் கொல்லையில் கூலி இருந்தது. நான்கு ஆண்டுகள் அதுவும் இல்லை. தம்பி அக்காலத்தில் இரண்டு பசுக்களை விற்றார். எங்கே விற்றார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எங்கள் கதை தனிக்கதை அன்று. பெரே அரிசா மொன்டோபியோ, சரச்சந்திர லேலே ஆகிய இருவர் திருவண்ணாமலை, கோயம்புத்தூர் மாவட்டங்களில் காட்டாமணக்குப் பயிரிட்டோரை நேரில் ஆய்ந்து 2010இல் கட்டுரை வெளியிட்டனர். விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு, நீர் வசதியுள்ள பெரிய உழவர்களுக்கே அதுவும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், சிறு உழவர்களை அப்பயிர் மேலும் வறியவராக்கியது என்பது அவர்கள் கண்ட முடிவு. டீசலில் ஐந்தில் ஒரு பங்கு என்ற பேச்சு இன்று எங்கே? செடி டீசலின் கலப்பு நாட்டில் இன்னும் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

2010 சித்திரையில் செடிகளைப் பிடுங்க மண்வாரி இயந்திரத்தை வரவழைத்தோம். அன்று நான் வரப்பில் நின்றேன். வேரோடு மண் புரண்டபோது வெளிப்பட்ட மண்புழுக்கள், நட்டுவாக்காலிகள், மரவட்டைகள், வாயில் குஞ்சைக் கவ்விக்கொண்டு ஓடிய ஒரு வயல் எலி. அதன் பின்னாலேயே இயந்திரத்தின் சக்கரம். கொல்லாமைக்கு ஏற்ற எரிபொருள் என்று மேடையில் நான் பேசியதெல்லாம் அந்த இடத்தில் என் செவியில் திரும்ப ஒலித்தது.

ஹிம்சை என்றால் யாது என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆச்சாரியார் தந்த இலக்கணத்தை நாம் அனைவரும் அறிவோம். உயிருக்கு ஊறு செய்வது மட்டும் ஹிம்சையன்று. பிரமத்த யோகத்தால், அதாவது விழிப்பற்ற, வேட்கை கலந்த செயலால் ஊறு செய்வது ஹிம்சை. இதனை நாம் பெரும்பாலும் நம்மை விடுவித்துக்கொள்ளவே எடுத்தாள்கிறோம்: "எனக்கு அந்த எண்ணமில்லை, ஆகவே பாவமில்லை." சூத்திரம் மறுபுறமும் வெட்டும். எண்ணம் நல்லதாயிருந்தும் விழிப்பில்லையேல் அது ஹிம்சையே. துண்டறிக்கையை நம்பி, நிலத்தை அறிந்த தம்பியின் சொல்லைத் தள்ளியது பிரமாதம். வேறு பெயர் அதற்கில்லை.

சோமதேவ சூரி யசஸ்திலகத்தில் உழவனையும் வலைஞனையும் ஒப்பிடுவார். உழவன் ஏரோட்டும்போது பல உயிர்கள் மடிகின்றன. ஆயினும் கொல்லும் கருத்து அவனுக்கில்லை. வலைஞன் அன்று ஒரு மீனும் பிடிக்கவில்லையாயினும் அவன் கருத்து முழுதும் கொலையிலேயே. ஆதலின் கொன்ற உழவனினும் கொல்லாத வலைஞனே பாவி. உழுகுடியாகிய நமக்கு ஆறுதல் தரும் உவமை இது. என் பேத்தி இவ்விருவரில் யார்? பாசியை நசுக்குவது அவள் நோக்கமன்று; எண்ணெயே நோக்கம். ஆனால் நசுக்காமல் எண்ணெய் இல்லை. உழவன் எலியைக் கொல்லாமலும் உழ முடிந்தால் மகிழ்வான். இவளுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. இதை நான் அவளிடமே சொன்னேன். "அப்படியானால் நெல்லறுப்பவர்?" என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்விதான். அணுவிரதம் கொண்ட இல்லறத்தார் அசையும் உயிரைச் சங்கற்பித்துக் கொல்வதையே முற்றிலும் விலக்குகின்றனர். நிலையுயிர்களிடத்தில் அவர்கள் கடமை வீணாக ஊறு செய்யாதிருத்தல். ஆகவே பேத்தி விரதபங்கம் செய்யவில்லை. எதற்காக என்னும் கேள்வி மட்டும் அவளை விட்டு நீங்காது.

ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். பாசி எண்ணெய் நாளைக்கே நம் வண்டியில் ஓடப் போவதில்லை. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதற்கென ஒரு திட்டம் நடத்திக் கைவிட்டது. எக்ஸான் நிறுவனம் 2009இல் பெரும் பொருள் செலவில் தொடங்கி 2023இல் விலகிக்கொண்டது. வளர்ப்பதைவிட, நீரிலிருந்து பிரித்து உலர்த்துவதற்கே மிகுந்த ஆற்றல் செலவாகிறது. நானும் என் துணைவியாரும் இவ்வளவு வழக்காடியது நாளை பிறக்கக்கூடிய ஒரு தொழிலின்மீது.

இப்போதே எரிந்துகொண்டிருக்கும் உயிரி எரிபொருள் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் ஆர்ப்பரிப்பதில்லை. சாண எரிவாயு. ஊரில் எங்கள் தந்தையார் காலத்திலேயே மாட்டுத் தொழுவத்தின் பின்னால் அந்தத் தொட்டி இருந்தது. நான்கைந்து மாடுகளின் சாணம் நாளொன்றுக்கு ஐம்பது கிலோ கரைத்து விட்டால் ஒரு குடும்பத்துச் சமையல் முடிந்துவிடும். தொட்டியிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உள்ளன. ஆனால் நாம் அவற்றை நசுக்குவதுமில்லை, காய்ச்சுவதுமில்லை. சாணம் எங்கே கிடந்தாலும் அவை அதில் வாழும். காற்றில்லாத இடத்தில் அவை விடும் மூச்சை நாம் குழாய் வைத்து எடுத்துக்கொள்கிறோம். எஞ்சிய கரைசல் அவ்வுயிர்களோடு வயலுக்குப் போகிறது. அந்த வாயு வெளியே விடப்பட்டால் கரியமில வாயுவினும் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும், எரிப்பதே நலம். எரிக்கும்போது தீக்காயிக, வாயுகாயிக உயிர்களுக்கு ஊறு உண்டு என்பதை மறுக்கவில்லை. அடுப்பெரிக்கும் எவரும் அதிலிருந்து தப்ப முடியாது.

இதே முறை நகரத்திலும் உண்டு. கோயம்பேடு காய்கறி அங்காடியின் கழிவை நாளொன்றுக்கு 30 டன் உண்டு மின்சாரம் தரும் ஆலை, மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு 2005இல் அமைக்கப்பட்டது. கொடுங்கையூர், பெருங்குடி, நெசப்பாக்கம் கழிவுநீர் நிலையங்களிலும் சாக்கடையிலிருந்து எழும் வாயுவில் பொறிகள் ஓடின. எரிப்பதற்காக ஒன்றை வளர்ப்பதற்கும், எப்படியும் அழுகப் போவதிலிருந்து எரிபொருள் பெறுவதற்கும் இடையே எனக்குப் பெருத்த வேறுபாடு தெரிகிறது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இல்லாமலில்லை. கழிவுக்கு விலை பிறந்தால், கழிவு உண்டாக்கவே ஆள் கிளம்புவான். சர்க்கரைக் கழிவுப்பாகில் தொடங்கிய எத்தனால் கரும்புச் சாற்றுக்கும் அரிசிக்கும் போனதைப் பார்த்தோம் அல்லவா?

சமந்தபத்திர ஆச்சாரியார் ரத்ன கரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்டம், அதாவது பயனின்றி இழைக்கும் ஊறு, ஐவகைப்படும் என்கிறார். அவற்றுள் பிரமாத சரியை என்பதை விளக்கும்போது, வீணாக நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடியை வெட்டுதல் என்று அடுக்கிக்கொண்டே வந்து, வீணாக அலைதல், பிறரை அலைவித்தல் என்பவற்றையும் அதே வரிசையில் வைக்கிறார். இந்நூலின் வழி வந்த நம் தமிழ் அருங்கலச்செப்பைப் பிள்ளைப் பருவத்தில் மனப்பாடம் செய்திருந்தும், அலைதல் என்பது ஏன் தீ மூட்டுதலுக்கு அருகில் நிற்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அக்காலத்தில் கால்நடைப் பயணத்தில் மிதிபட்டவை எறும்புகள். இன்று அலைதலே தீ மூட்டுதல். ஒரு சாவியைத் திருகினால் இரண்டும் ஒன்றாக நிகழ்கின்றன. நான்கு திசைகளிலும் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று எல்லை வகுக்கும் திக் விரதத்தைப் பழங்காலத்து வணிகருக்குரியதென்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். எரிபொருள் எது என்று கேட்குமுன் எவ்வளவு என்று கேட்கும் விரதம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சோதித்துப் பார்க்க எண்ணி, என் ஸ்கூட்டர் ஓடும் தொலைவை ஆடித் திங்கள் முழுதும் நாட்குறிப்பில் எழுதி வந்தேன். நந்திவரம், ஊரப்பாக்கம், கிளாம்பாக்கம், தாம்பரம் என்று மொத்தம் 386 கிலோமீட்டர். மருத்துவமனை, ஜினாலயம், வங்கி, உறவினர் வீட்டுத் துக்கம் நீங்கலாக, ஒன்றை வாங்க மறந்து மீண்டும் போனது, நடந்தே போயிருக்கக்கூடிய தெருமுனைக் கடை, பொழுது போகாமல் சுற்றியது எல்லாம் சேர்ந்து 140 கிலோமீட்டர். எழுபத்தைந்து வயதில் எனக்கே இவ்வளவு அலைச்சல். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வந்து நிற்கும் உணவு வண்டிகளையும் பொட்டலம் கொண்டுவரும் வண்டிகளையும் பார்க்கும்போது, பிறரை அலைவித்தல் என்று ஆச்சாரியார் தனியே குறித்ததும் விளங்கியது. வீட்டிலிருந்தபடியே அலைவிக்கிறோம்.

வழக்குக்கு என்ன தீர்ப்பு என்று கேட்பீர்கள். ஆய்வில் சேர் என்று பேத்தியிடம் சொன்னேன். துண்டறிக்கை எழுதும் வேலையை மட்டும் செய்யாதே. நிலத்தையும் நீரையும் அறிந்தவர் வேண்டாம் என்றால் காதுகொடு என்றும் சொன்னேன். என் துணைவியார் இத்தீர்ப்பை ஏற்கவில்லை. ஏற்க வேண்டுமென்று நான் கேட்கவும் இல்லை. கிழங்கையே தொடாத ஒருவருக்கு, பாசியை நசுக்குவதும் ஒரு வகையில் அறமே என்று சொல்லும் நெஞ்சுரம் எனக்கில்லை. அவர் பேத்தியிடம் ஒன்றுதான் கேட்டார்: "குடுவையில் மிஞ்சுவதை என்ன செய்வாய்?"

"அழுத்தக் கொதிகலத்தில் வைத்துச் சாகடித்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும் பாட்டி. உயிரோடு குளத்தில் விட்டால் அங்கிருக்கும் மற்றவற்றுக்குக் கேடு. அது விதி" என்றாள் அவள்.

அதற்குமேல் அவர் பேசவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் இன்றும் கிணறு இருக்கிறது. நாள்தோறும் விடியலில் நீர் சேந்தித் துணியில் வடித்து, துணியில் தங்கியதை வடித்த நீராலேயே அலசி, அந்த நீரை வாளியில் இறக்கி மெல்லக் கிணற்றிலேயே விடுவது அவர் வழக்கம். மறுநாள் காலை அவருக்குக் கை நடுங்கியது போலும். பல் துலக்கிக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டு, வாளிக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். "தண்ணீரைத் தொட்ட பிறகு கவிழ்த்து விடு. மேலேயிருந்து கொட்டாதே" என்றார். அவளும் அப்படியே செய்தாள்.